தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார்?

குடிமைப் பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: “பாடத்திட்டத்தில் சமூகவியல் சிந்தனையாளர்கள் என்று ஆறு பேர் இருக்கிறார்கள். மார்க்ஸ், துர்கைம், வேபர், பார்சன்ஸ், மெர்ட்டன், மீட். ஆறு பேரும் வெள்ளையின ஆண்கள். அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் யாரும் சமூகத்தைப் பற்றி எழுதவே இல்லையா? எழுதியும் தரம் போதவில்லையா? இப்போது டூ பாய்ஸைச் சேர்க்க வேண்டும் என்கிறார்களே, அது அறிவு சார்ந்த காரணத்தாலா, அரசியல் நாகரிகத்துக்காகவா?”

எழுதினார்கள். தரத்திலும் குறையில்லை, சில விஷயங்களில் மற்றவர்களுக்கு முன்பே செய்தும் காட்டினார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தொகை நூல் என்றதும் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று கேட்பார்கள். ஐங்குறுநூற்றைப் பாடியவர்கள் ஐந்து புலவர்கள். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற அரசன். பாடுவது ஒருவர் வேலை, எதை வைப்பது எதை விடுவது என்று முடிவு செய்வது இன்னொருவர் வேலை, அதற்குப் பொருளுதவி செய்வது மூன்றாமவர் வேலை என்ற தெளிவு அந்தக் கேள்வியில் இருக்கிறது. சமூகவியலின் மூவர் விஷயத்தில் மட்டும் நாம் அதைக் கேட்பதில்லை. மார்க்ஸும் துர்கைமும் வேபரும் சுயம்புவாகத் தோன்றிக் கருவறையில் அமர்ந்துவிட்டது போல எண்ணிக்கொள்கிறோம். நானும் முதுகலை படித்த காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். டூ பாய்ஸ் என்ற பெயரை முதலில் பார்த்தது ஓர் அடிக்குறிப்பில். அதையும் புரட்டிவிட்டுப் போய்விட்டேன்.

டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1868-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். (பெயரைப் பிரெஞ்சு முறையில் ‘டு புவா’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர் ‘டூ பாய்ஸ்’ என்றே சொல்லச் சொன்னார்.) ஃபிஸ்க் பல்கலைக்கழகம், ஹார்வர்டு, அதன்பின் 1892 முதல் 1894 வரை பெர்லின். அங்கே குஸ்டாவ் ஷ்மோலரிடம் பயின்றார். தரவுகளைப் பொறுமையாகத் திரட்டிவிட்டுப் பிறகு பொது விதி பேசு என்பது ஷ்மோலரின் வழி. அதே ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் வேபர் இளம் விரிவுரையாளர். உதவித்தொகை நீட்டிக்கப்படாததால் பெர்லின் முனைவர் பட்டம் டூ பாய்ஸுக்குக் கைநழுவியது. 1895-இல் ஹார்வர்டில் பெற்றார். அங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை ஒரு வேலைக்கு அழைத்தது. பிலடெல்பியாவில் அப்போது ஏறத்தாழ 40,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். நகர நிர்வாகம் கெட்டுப்போனதற்கு அவர்கள்தான் காரணம் என்று சீர்திருத்தம் பேசிய மேல்தட்டினர் நம்பினார்கள். அதை நிரூபித்துத் தர ஓர் ஆய்வு வேண்டும். அழைத்தவர்களின் மனத்தில் இருந்தது இதுதான் என்று டூ பாய்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். கொடுத்த பதவியின் பெயர் ‘உதவிப் பயிற்றுநர்’. பல்கலைக்கழகப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. வகுப்பு எடுக்க விடவில்லை. புதிதாய்த் திருமணமான மனைவியோடு அந்த நகரின் ஏழாம் வட்டத்தின் (வார்டின்) மிக மோசமான ஒரு மூலையில், ஓர் உணவுக்கூடத்தின் மேல்மாடி அறையில் குடியேறினார்.

அதன்பின் அவர் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கையில் வினாப்படிவத்தோடு வீடுவீடாகப் போனார். ஏறத்தாழ 2,500 குடும்பங்கள். அந்த வட்டத்தில் வாழ்ந்த 9,675 கறுப்பினத்தவர். குடும்பத்தில் எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை, என்ன கூலி, வாடகை எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று எல்லாவற்றையும் அவரே கேட்டு எழுதினார். அந்த மக்கள் அவரைக் கைகொட்டி வரவேற்கவில்லை. ஏதோ விசித்திரமான உயிரினத்தைப் போலத் தங்களை ஆராய வந்தவனைக் கண்டு அவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. திரட்டியதைத் தெருத்தெருவாக வரைபடத்தில் ஏற்றினார். அதன் பின்னால் அந்த நகரத்தில் கறுப்பினத்தவரின் வரலாற்றை வைத்தார். இசபெல் ஈட்டன் என்ற பெண் ஆய்வாளர் வீட்டு வேலைக்காரர்கள் குறித்துத் தனியாக ஓர் அறிக்கை எழுதிச் சேர்த்தார். 1899-இல் ‘தி பிலடெல்பியா நீக்ரோ’ வெளிவந்தது.

கறுப்பினத்தவர் என்ற ஒரே கூட்டம் இல்லை, அதற்குள் வசதியானவர்கள் முதல் குற்றத்தில் பிழைப்பவர்கள் வரை நான்கு அடுக்குகள் இருக்கின்றன என்று அந்த நூல் காட்டியது. கைத்தொழில் தெரிந்தவர்களைக்கூடத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உள்ளே விடாமல், வீட்டு வேலைக்கும் எடுபிடி வேலைக்கும் தள்ளியதைக் கணக்கோடு காட்டியது. வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகில்தான் வாழ வேண்டியிருப்பதால் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள், வாடகை கட்டுவதற்காக வெளியாட்களை வீட்டுக்குள் வைக்கிறார்கள், அதனால் வீடு நெரிகிறது, நோய் வருகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக முடிச்சுகளை அவிழ்த்தது. குற்றத்துக்கு இனக் குணம் காரணம் என்று எதிர்பார்த்துக் காசு கொடுத்தவர்களுக்கு, அடிமைமுறையின் மிச்சம், கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த அதிர்ச்சி, மூடப்பட்ட வேலைவாய்ப்பு என்று பதில் வந்தது.

துர்கைமின் ‘தற்கொலை’ வெளிவந்த ஆண்டு 1897. அந்த ஆண்டில்தான் டூ பாய்ஸ் ஏழாம் வட்டத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். துர்கைம் அரசுப் பதிவுகளை வைத்து எழுதினார்; டூ பாய்ஸ் தானே கதவைத் தட்டி எழுதினார். தனிமனிதக் குணம் என்று பேசப்பட்ட ஒன்றைச் சமூக அமைப்பால் விளக்குவதுதான் இருவரின் வேலையும். ஒன்று நம் பாடத்தில் அரைப் பருவத்தை எடுத்துக்கொள்கிறது. மற்றது வந்தபோது, சிகாகோவிலிருந்து 1895 முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜி’ அதற்கு ஒரு மதிப்புரைகூட எழுதவில்லை.

அந்தக் காலத்தில் எதை ‘அறிவியல்’ என்று கொண்டாடினார்கள் என்பதும் தெரிய வேண்டும். புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெட்ரிக் ஹாஃப்மன் 1896-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் உயர்வாக இருப்பது அவர்களின் இனக் குணத்தால். இந்த இனம் தேய்ந்து அழியப்போகிறது என்பது அதன் சாரம். டூ பாய்ஸ் மறுத்த முறை எளிமையானது: ஒப்பிட்டார். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வெள்ளையினத்தவரும் அதே வேகத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இனம் அழியப்போகிறது என்று யாரும் எழுதவில்லையே என்று கேட்டார். இன்று முதலாண்டு மாணவருக்குச் சொல்லித்தரும் பாடம். அன்று அதைச் சொன்னவர் தனித்துத்தான் நின்றார்.

1897 இறுதியில் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஆண்டுதோறும் ஒரு தலைப்பு: இறப்பு, நகர வாழ்க்கை, தொழில், கல்வி, தேவாலயம், குற்றம் என்று சுற்றிவந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. ஒரு நூறாண்டுக்கு இப்படிச் செய்தால் ஒரு சமூகத்தின் முழுக் கணக்கும் கிடைத்துவிடும் என்பது திட்டம். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அவரும் மாணவர்களும் கையால் வரைந்த ஏறத்தாழ 60 வண்ண விளக்கப்படங்கள் இன்றும் பார்ப்பவரை நிறுத்துகின்றன. நாட்டின் வடக்கே சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை ‘சமூகத்தை ஆய்வுக்கூடமாக்கியது’ என்று புகழ்பெறும் முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது.

அப்படியானால் என்ன ஆயிற்று? ‘மறந்துவிட்டார்கள்’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. மறதிக்கு முகவரி கிடையாது. இந்தப் புறக்கணிப்புக்கு முகவரிகள் இருக்கின்றன. எந்த மேசையில், எந்த ஆண்டில், யார் கையால் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வாஷிங்டனில் இருந்த ஒரு மேசையைப் பாருங்கள். 1906-இல் அமெரிக்க அரசின் தொழிலாளர் பணியகத்துக்காக அலபாமாவின் லவுண்டஸ் மாவட்டத்தில் டூ பாய்ஸ் பெரிய கள ஆய்வு ஒன்றை நடத்தினார். நிலம் யாரிடம் இருக்கிறது, குத்தகைக் கடன் எப்படி மனிதனைக் கட்டிப்போடுகிறது, நீதிமன்றம் யார் பக்கம் என்பதெல்லாம் அதில் இருந்தன. கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்ட பணியகம், அரசியல் விஷயங்களைத் தொடுகிறது என்று சொல்லி வெளியிட மறுத்தது. பிரதியையாவது திருப்பித் தாருங்கள் என்று பின்னர் கேட்டபோது, அது அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. வேறு பிரதி கிடையாது. தன் வாழ்நாளின் சிறந்த சமூகவியல் வேலைகளில் ஒன்று என்று அவர் கருதியது அப்படிச் சாம்பலானது.

பணம் இன்னொரு மேசை. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் கல்விக்கு வடமாநிலப் பணக்காரர்கள் கொடுத்த நன்கொடை எங்கே போக வேண்டும் என்பதில் டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் சொல் எடுபட்டது. முதலில் கைத்தொழில், உரிமை பிறகு பார்க்கலாம் என்பது அவர் வழி. 1903-இல் ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ நூலில் டூ பாய்ஸ் அதை நேருக்கு நேர் எதிர்த்து எழுதினார். அதன்பின் அட்லாண்டாவுக்கு நிதி வருவது மேலும் கடினமானது. தன்னால் நிறுவனம் கஷ்டப்படுகிறது என்று உணர்ந்து 1910-இல் அவர் வெளியேறியதில் இதற்கும் பங்கு உண்டு.

அவர் வெளியேறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது எந்த நிதிக் கணக்கிலும் வராது. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. இதுகுறித்து நிதானமான கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு பத்திரிகை ஆசிரியரைப் பார்க்க நடந்துபோனார் டூ பாய்ஸ். வழியில் ஒரு மளிகைக் கடையில் அந்த மனிதனின் விரல் மூட்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டார். அப்படியே திரும்பிவிட்டார். மக்கள் எரிக்கப்படும்போது குளிர்ந்த மனத்தோடு விலகி நின்று ஆராயும் அறிவியலாளனாக இருக்க முடியாது என்ற எண்ணம் அன்று விழுந்தது என்று பின்னால் எழுதினார். அதே ஆண்டு மே மாதத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகன் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். 1910-க்குப் பிறகு அவர் நியூயார்க்கில் ‘தி கிரைசிஸ்’ இதழின் ஆசிரியர். போராட்ட இயக்கத்தின் குரல். ‘அவர் ஆய்வை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனவர்தானே’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். மார்க்ஸ் ஒருநாளும் பேராசிரியராக இருந்ததில்லை என்பது அவர்களுக்கு ஏனோ அப்போது நினைவுக்கு வருவதில்லை.

இப்போது சிகாகோவின் மேசை. அந்தத் துறையின் முக்கியப் பேராசிரியர் ராபர்ட் பார்க். அவர் அங்கே போவதற்கு முன் புக்கர் டி. வாஷிங்டனிடம் ஏழாண்டு காலம் உதவியாளராகவும் அவருக்காக எழுதிக்கொடுப்பவராகவும் இருந்தவர். 1921-இல் சக பேராசிரியர் பர்ஜெஸுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அறிமுகப் பாடநூலை ஒரு தலைமுறையே வேதமாகப் படித்தது. அதில் கறுப்பினத்தவர் இயல்பிலேயே கலைஞர்கள், இனங்களுக்குள் அவர்கள் ‘பெண்மணி’ போன்றவர்கள் என்று ஓர் இடம் வருகிறது. சமூகக் காரணங்களைத் தேடும் துறையின் பாடநூல் அது! பார்க்கிடம் சார்ல்ஸ் எஸ். ஜான்சன், ஃபிராங்ளின் ஃபிரேசியர் போன்ற கறுப்பின மாணவர்கள் படித்து உயர்ந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஃபிரேசியர் 1948-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவரே ஆனார். ஆகவே கறுப்பினத்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. திண்ணை வரை இடம் கொடுத்தார்கள். கறுப்பினக் குடும்பம், கறுப்பினப் பகுதி, கறுப்பினக் குற்றம் என்று தரவு கொண்டுவந்து வைக்கலாம். நவீனம் என்றால் என்ன, முதலாளித்துவம் எங்கே பிறந்தது என்று பேசும் உள்ளறைக்கு அழைப்பு இல்லை.

அந்த உள்ளறை எப்போது கட்டப்பட்டது என்பதுதான் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகவியலர்களிடம் உங்கள் மூலவர் யார் என்று கேட்டிருந்தால் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் பெயர் முன்னால் வந்திருக்கும். 1937-இல் டால்காட் பார்சன்ஸ் ‘சமூகச் செயலின் கட்டமைப்பு’ நூலில் நான்கு பேரை எடுத்துக் கோத்தார்: மார்ஷல், பரேட்டோ, துர்கைம், வேபர். இனி யார் ஸ்பென்சரைப் படிக்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் அந்த நூலே தொடங்கும். மார்க்ஸுக்கு அந்த நால்வரில் இடமில்லை! அறுபதுகளின் மாணவர் எழுச்சிக்குப் பின்தான் அமெரிக்க வகுப்பறைகளில் அவர் பெரியவராக அமர்ந்தார். மார்ஷலும் பரேட்டோவும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். இன்று நாம் ஆதிகாலத்து மூவர் என்று மனப்பாடம் செய்வது, உண்மையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதுள்ள ஏற்பாடு. நம் பாட்டிகள் அதைவிட மூத்தவர்கள். ஒருவரைத் தாமதமாகச் சேர்க்கவும் இருவரை இறக்கவும் முடிந்தது என்றால், ‘செம்மையான பட்டியலில் கைவைக்கலாமா’ என்று இப்போது பதறுவதில் பொருளில்லை.

இதில் எனக்கு மிகவும் கசப்பாகப் படுவது வேபர் கதை. 1904-இல் வேபர் அமெரிக்கா வந்தார். டூ பாய்ஸிடம் தன் ஆய்விதழுக்குக் கட்டுரை கேட்டு வாங்கி 1906-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ ஜெர்மனுக்குப் போக வேண்டும் என்று ஆர்வமாகக் கடிதம் எழுதினார். 1910-இல் ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த ஜெர்மன் சமூகவியல் சங்கத்தின் முதல் மாநாட்டில் ஆல்ஃபிரெட் ப்ளோட்ஸ் என்ற இனவாத மருத்துவருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்கத் தென்மாநிலங்களில் எந்த வெள்ளை அறிஞரும் ஒப்பிட முடியாத முதன்மையான சமூகவியலறிஞர் ஒரு கறுப்பினத்தவர் என்று டூ பாய்ஸின் பெயரைச் சொன்னார். பார்சன்ஸ் 1930-இல் வேபரை மொழிபெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். வேபர் வந்துசேர்ந்தார், அவர் மதித்த அமெரிக்கரின் பெயர் கூடவே வரவில்லை.

தொகுப்பித்தவர்கள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பதுகளில் டூ பாய்ஸ் கறுப்பினக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காகப் பெரிய அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. அதே காலத்தில் கார்னகி நிறுவனம் அமெரிக்க இனப் பிரச்சினையை ஆராயப் பெரும் நிதி ஒதுக்கியது. தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் ஸ்வீடனிலிருந்து பொருளியலர் குன்னர் மிர்தால். 1944-இல் வெளிவந்த அவருடைய நூல் ‘தி பிலடெல்பியா நீக்ரோ’வை முன்மாதிரி என்று புகழ்ந்தது. புகழ்ச்சி கிடைத்தது, நிதி மட்டும் கடல் தாண்டி வந்தவருக்குப் போயிற்று. 1951-இல், 83 வயதை எட்டும் தறுவாயில், அந்நிய நாட்டின் கையாள் என்று டூ பாய்ஸ் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. விடுதலையானார். ஆனாலும் 1958 வரை கடவுச்சீட்டு இல்லை. சமூகவியல் தன் மூலவர்களைப் பீடத்தில் அமர்த்திக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அவர் பெயரைச் சொல்வதே ஆபத்து என்ற நிலை. 1961-இல் கானாவுக்குப் போனார். 1963 ஆகஸ்டு 27 அன்று அக்ராவில் இறந்தார். மறுநாள் கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி.

டூ பாய்ஸ் ஒருவரையே பேசிக்கொண்டிருந்தால் பழைய தவறை வேறு விதத்தில் செய்தவர்களாவோம். ஆலிவர் குரோம்வெல் காக்ஸ் என்று ஒருவர். 1901-இல் டிரினிடாடில் பிறந்து, போலியோவால் கால்கள் முடங்கிய பின் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய கறுப்பினக் கல்லூரிகளில் கற்பித்துக் கழித்தவர். 1948-இல் வந்த அவருடைய ‘சாதி, வர்க்கம், இனம்’ நம் ஊர் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். அப்போது அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை உறவைச் ‘சாதி’ என்று வர்ணிப்பது மோஸ்தராக இருந்தது. காக்ஸ் அதை மறுத்தார். இனவெறி பழைய மரபு இல்லை, மலிவான உழைப்பு தேவைப்பட்ட ஐரோப்பிய முதலாளித்துவம் பெற்ற பிள்ளை என்றார். அதன்பின் எழுதிய மூன்று நூல்களில் முதலாளித்துவத்தை உலகளாவிய ஓர் அமைப்பாகவே விளக்கினார். இம்மானுவேல் வாலர்ஸ்டீன் உலக அமைப்புக் கோட்பாட்டால் புகழ்பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. வாலர்ஸ்டீனும் பின்னாளில் காக்ஸை முன்னோடி என்று ஒப்புக்கொண்டார்.

காக்ஸ் ஓரிடத்தில் நன்றாகவே சறுக்கினார். இந்தியச் சாதி அமைப்பு நிலைத்த ஒழுங்கு, கீழே இருப்பவர்களும் அதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது அவர் கொண்ட முடிவு. அவர் எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1927-இல், தீண்டப்படாதோருக்கு மறுக்கப்பட்ட மகாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கிவிட்டார். அதற்கும் முன்னால் வைக்கம் நடந்துவிட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவரை அமைதியான மக்களாகக் காட்டிய வெள்ளை எழுத்தாளர்கள் மீது அத்தனை கோபப்பட்டவர், நம் மக்களை அப்படியே காட்டும் நூல்களை நம்பிவிட்டார். அம்பேத்கர் 1946-இல் டூ பாய்ஸுக்கு நேரடியாகவே கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் நிலையும் ஒத்திருப்பதைச் சொல்லி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். டூ பாய்ஸ் உடனே பதில் எழுதினார். அந்தக் கடிதத்தொடர்பு காக்ஸுக்குத் தெரிந்திருந்தால் அந்த அத்தியாயங்கள் வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பெண்களுக்கு வருவோம். ஐடா பி. வெல்ஸை இதழாளர் என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். 1892-இல் மெம்ஃபிஸில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றது. அவர்களில் ஒருவர் வெல்ஸின் நண்பர். வெள்ளையனின் கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்ததுதான் அவர்கள் செய்த குற்றம். பாலியல் வன்முறைக்குத் தண்டனையாகத்தான் கும்பல் கொலைகள் நடக்கின்றன என்று நாடே நம்பியிருந்தது. வெல்ஸ், வெள்ளையர் நடத்திய பத்திரிகைகளே வெளியிட்ட பட்டியல்களை எடுத்து, காரணம் வாரியாகப் பிரித்து எண்ணினார். அந்தக் குற்றச்சாட்டுகூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் இருந்தது. எதிராளியின் தரவை வைத்தே எதிராளியின் கோட்பாட்டை முறித்தார். இதைச் சமூகவியல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அவருடைய பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் நொறுக்கியது. அதன்பின் அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பவில்லை.

அன்னா ஜூலியா கூப்பர் 1858-இல் அடிமையாகப் பிறந்தவர். 1892-இல் வந்த அவருடைய ‘எ வாய்ஸ் ஃப்ரம் தி சவுத்’, இனமும் பாலினமும் ஒரே உடலில் சேர்ந்து அழுத்தும்போது என்ன நேர்கிறது என்பதைப் பேசியது. அதற்கு இன்று ‘இன்டர்செக்ஷனாலிட்டி’ என்று ஒரு கோட்பாட்டுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர் வர அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. கூப்பர் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றது 66 வயதில். இவரிடம் டூ பாய்ஸ் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1920-இல் கறுப்பினப் பெண்களைப் போற்றி எழுதிய கட்டுரையில் கூப்பரின் புகழ்பெற்ற வரி ஒன்றை எடுத்தாண்டார். யார் சொன்னது என்று எழுதவில்லை. ‘எங்கள் பெண்களில் ஒருத்தி’ என்று மட்டும் சொன்னார். பட்டியலில் பெயர் ஏறாத வலியை அறிந்தவர் செய்த காரியம் அது.

சரி, இவர்களைச் சேர்ப்பதால் பாடத்தில் என்ன மாறும்? ஆறு பேர் பத்துப் பேர் ஆவதோடு நின்றுவிட்டால், மனப்பாடம் செய்யும் பக்கம் கூடும்; வேறொன்றும் நடக்காது. ஒரே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரே சுரண்டலுக்கு ஆளான வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஏன் ஒன்றுசேரவில்லை? மார்க்ஸைக் கொண்டு மட்டும் விளக்கினால் ‘பொய்யான உணர்வு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். 1935-இல் ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ நூலில் டூ பாய்ஸ் வேறு பதில் சொன்னார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவுதான். ஆனால் அதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூலியும் கிடைத்தது. வெள்ளையன் என்பதற்காகத் தெருவில் மரியாதை, நல்ல பள்ளி, பூங்காவில் அனுமதி, தன் ஆட்களே காவலர்கள், நீதிமன்றத்தில் கனிவு. பொதுவெளியிலும் மனத்திலும் தரப்படும் அந்தக் கூலிக்காக அவன் பணக் கூலியை உயர்த்தும் போராட்டத்தை விட்டுக்கொடுத்தான். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு நம் கிராமங்களில் நிலமில்லாத இடைநிலைச் சாதிக் கூலிக்காரர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். மார்க்ஸின் வர்க்கத்தையும் வேபரின் அந்தஸ்தையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப்போட்ட கருத்து அது. இதைத் தவிர்த்துவிட்டு இனத்தையும் சாதியையும் விளக்குவது, உப்பில்லாமல் சமைத்துவிட்டு ஊறுகாயை நம்புவது போலத்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. சமூகவியலர் ஆல்டன் மாரிஸ் 2015-இல் எழுதிய ‘தி ஸ்காலர் டினைட்’ இந்த விவாதத்தின் திசையை மாற்றிய நூல். அவர் 2021-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவரானார். சங்கத்தின் உயரிய விருதுக்கு 2006-இலேயே டூ பாய்ஸ் பெயர் வைத்துவிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012-இல் அவரைக் காலங்கடந்து கௌரவப் பேராசிரியராக்கியது. அமெரிக்காவில் அறிவியல் சமூகவியலின் முதல் பள்ளி சிகாகோ இல்லை, அட்லாண்டாதான் என்பது மாரிஸின் வாதம். வாதம் வலுவானது. ஆனாலும் ‘யார் முதலில்’ என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு. அது மூலவர் பீடத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிலையை மட்டும் மாற்றும் வேலை. ‘தி பிலடெல்பியா நீக்ரோ’வைப் படித்தால், ஏழைகளின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதும் இடங்களில் கண்டிப்பான ஒழுக்க ஆசிரியர் ஒருவர் பிரம்போடு நிற்பதும் தெரியும். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தேர்வுக்காக ஒரு யோசனை. இன உறவு, நகர வறுமை, கள ஆய்வு முறை, சாதியும் வர்க்கமும் என்று எந்தக் கேள்வி வந்தாலும் இவர்களை எடுத்தாளத் தடை எதுவும் இல்லை. பெயரை அலங்காரமாக எழுதாமல் கருத்தை வேலை செய்ய விடுங்கள். டூ பாய்ஸின் ‘இரட்டைப் பிரக்ஞை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். தன்னைத் தன் கண்ணாலும் தன்னை இழிவாகப் பார்ப்பவரின் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க நேர்வது என்று விளக்கி, ஒரு சான்றோடு எழுதுங்கள். முதலில் படிக்க ஒரே நூல் கேட்டால், ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பேன். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; முதல் சில அத்தியாயங்களும் கடைசி அத்தியாயமும் போதும்.

அந்த நூல் எழுதப்பட்டதற்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கறுப்பினத்தவர் நாட்டைக் கெடுத்தார்கள் என்று கிளாட் பவர்ஸ் எழுதிய நூல் ஒன்று 1929-இல் பரபரப்பாக விற்றது. அந்த ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் டூ பாய்ஸுக்கு எழுதினார்: இதற்கு முழுமையாக, திறமையாக, இறுதியாகப் பதில் சொல்லியாக வேண்டும், அதைச் செய்யக்கூடியவர் நீங்கள்தான். எழுதியவர் அன்னா ஜூலியா கூப்பர்.